உப்புக்காற்றில் வெள்ளை மை: ராமநாதபுரம் கரையில் டிடிஜி மெஷின் போடலாமா?

கேள்வி, 02.02.2025, கீழக்கரையிலிருந்து

அண்ணே, துபாயிலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்துவிட்டேன். கையில் கொஞ்சம் காசு இருக்கிறது, மீதிக்கு லோன் போடலாம். டீ-ஷர்ட்டில் நேரடியாகப் படம் அடிக்கிற டிடிஜி மெஷின் நம் பக்கம் ஓடுமா? ஸ்க்ரீன் பிரிண்டிங் மாதிரி அச்சுச் சட்டம் தேவையில்லை, ஒரே ஒரு பீஸ்கூட அடிக்கலாம் என்கிறார்கள். எங்கள் காக்கா (அண்ணன்), ஃபிலிமில் அடித்துத் துணியில் ஒட்டும் டிடிஎஃப் போதும் என்கிறார். எதைப் போடலாம்?

03.02.2025

தம்பி, தொழில் ஓடும். மெஷினை மட்டும் இப்போதே வாங்காதீர்கள். காரணம் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

நான் மண்டபம் ஊரில் சின்னதாகக் கடை வைத்து இந்த வேலைதான் செய்கிறேன். டிடிஜியில் நடப்பது இங்க்ஜெட் பிரிண்டரில் நடப்பதுதான். காகிதத்துக்குப் பதிலாக, பலகையில் விரித்த பனியன் துணி உள்ளே போகிறது. மை தெளிக்கும் தலையான ஹெட்டுக்குள் இருக்கும் பீசோ படிகம் கரண்ட் பட்டதும் வளைந்து ஒரு துளி மையைத் தள்ளும். தண்ணீர் சார்ந்த பிக்மெண்ட் மை. அடித்து முடித்ததும் 160 டிகிரிக்குப் பக்கமாக ஒன்றரை, இரண்டு நிமிடம் ஹீட் பிரஸ் என்ற சூடான அழுத்து மெஷினில் வைத்தால் மையில் உள்ள பைண்டர் என்ற ஒட்டுப்பொருள் நூலோடு பிடித்துக்கொள்கிறது. எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம் என்பது மைக்கு மை மாறும், டப்பாவில் போட்டிருப்பதைப் பாருங்கள். கையால் தடவினால் படம் இருப்பதே தெரியாத அளவுக்கு மிருதுவாக இருக்கும். முகத்தின் நிழல், கடலின் நீலம் மெல்ல மெல்ல வெளுப்பது, இதெல்லாம் போட்டோவில் இருப்பதுபோல வரும். இதில் டிடிஜியை மிஞ்ச எதுவும் இல்லை.

ஆனால் வேகம் கிடையாது. கோயில் திருவிழாவுக்கு 200 பேருக்கு ஒரே சட்டை, இரண்டு கலர் என்றால் ஸ்க்ரீன் பிரிண்டிங்காரர் ஒரு காலைப் பொழுதில் முடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். அந்த ஆர்டரை நம்பி டிடிஜி வாங்கக் கூடாது. ஒன்று, இரண்டு, பத்து பீஸ், அதிலும் ஒவ்வொன்றிலும் வேறு பெயர், வேறு படம், அங்கேதான் இது சம்பாதிக்கும். அப்படி ஆர்டர் தருகிறவர்கள் கீழக்கரை, ஏர்வாடி, பெரியபட்டினம் வட்டாரத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று முதலில் உங்களுக்குத் தெரிய வேண்டும். திருப்பூரில் ஜாப் ஒர்க்காக, அதாவது கூலிக்கு, அடித்துத் தருகிறவர்கள் நிறைய. ஆர்டர் எடுங்கள், படத்தை அனுப்புங்கள், பார்சலில் வாங்கிக் கொடுங்கள். லாபம் கொஞ்சம்தான் நிற்கும். ஆனால் மெஷின் வாங்குமுன் வாடிக்கையாளர் கையில் இருப்பார்கள்.

05.02.2025

லோன் பற்றித் தனியாகக் கேட்டிருந்தீர்கள். மாவட்டத் தொழில் மையம் வழியாக பிஎம்இஜிபி (பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டம்) போடலாம். உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம், சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரை திட்ட மதிப்பு. சிறுபான்மையினர், பிற்படுத்தப்பட்டோர், பெண்கள் போன்றவர்களுக்குச் சொந்தப் பங்கு 5 சதவீதம், மானியம் நகரத்தில் 25, கிராமத்தில் 35. கீழக்கரை நகராட்சி என்பதால் உங்களுக்கு 25தான் வரும். மானியம் கையில் கிடைக்கும் என்று பலர் நினைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறார்கள். அது மூன்று வருடம் வங்கியில் டெபாசிட்டாகக் கிடக்கும், அதற்குப் பிறகுதான் கடனில் கழியும். அதுவரை மாதத் தவணை, மை, துணி எல்லாம் உங்கள் ஓட்டத்திலிருந்துதான். முதல் வருடத்துக் கணக்கில் மானியத்தைச் சேர்க்காதீர்கள்.

11.02.2025

வெள்ளை மையைப் பற்றி ஒருவர் கேட்டார். இந்தத் தொழிலின் பாதிக் கதை அதுதான்.

கறுப்புச் சட்டையில் மஞ்சள் அடித்தால் மஞ்சள் தெரியாது, கறுப்பு விழுங்கிவிடும். அதனால் அடியில் ஒரு வெள்ளைப் படுகை போட்டு அதன் மேல் கலர் அடிக்க வேண்டும். அந்த வெள்ளையில் இருப்பது டைட்டானியம் டையாக்சைடு, சுவருக்கு அடிக்கும் பெயிண்டில் இருப்பதும் இதே சரக்குதான். தண்ணீரைவிட நாலு மடங்கு கனம். எவ்வளவு நைசாக அரைத்தாலும் சும்மா விட்டால் அடியில் போய் உட்கார்ந்துவிடும். ரொம்ப நாள் சீண்டாமல் வைத்த வெள்ளை மை பாட்டிலைக் கவிழ்த்துப் பாருங்கள், மேலே தண்ணீராக ஓடும், அடியில் சந்தனம் குழைத்த மாதிரி ஒரு பசை ஒட்டிக்கொண்டு நகராது. அதே பசை குழாயிலும் ஹெட்டுக்கு முன்னால் மை தங்கும் டேம்பரிலும் ஹெட்டின் துளைகளிலும் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

காலையில் கடை திறந்ததும் நான் முதலில் செய்வது நாசில் செக். வெள்ளை தெரிவதற்காக ஒரு கறுப்புத் துண்டில் அடிப்பேன். மெல்லிய கோடுகள் வரிசையாகப் படி இறங்குவதுபோல விழும். ஒரு கோடு விட்டிருந்தால் அந்தத் துளை அடைத்திருக்கிறது. ஒன்றிரண்டு என்றால் ஒரு கிளீனிங்கில் திறந்துவிடும். வரிசையாக ஒரு பக்கம் மொத்தமாகக் காணவில்லை என்றால் கேப்பிங் பார்க்க வேண்டும், ஹெட்டை மூடி ஈரமாக வைக்கும் ரப்பர் விளிம்பில் காய்ந்த மை வெள்ளையாகப் பொரிந்து நிற்கும், அதனால் மூடி சரியாக உட்கார்ந்திருக்காது. கிளீனிங் திரவத்தில் நனைத்த பஞ்சுக் குச்சியால் அந்த விளிம்பைச் சுற்றி நிதானமாகத் துடைத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். ஹெட்டின் அடிப்பக்கத்தில் மட்டும் குச்சியை வைத்துத் தேய்க்கக் கூடாது.

பெரிய கம்பெனி மெஷின்களில் வெள்ளை மையைத் தானாகச் சுற்றவிடும் ஏற்பாடு இருக்கிறது. எப்சன் எல் 1800 மாதிரி போட்டோ பிரிண்டரைப் பிரித்து மாற்றி டிடிஜி என்று விற்பதில் பெரும்பாலும் அது இருக்காது. விலை குறைவு என்று அதைத்தான் நம் ஆட்கள் முதலில் பார்ப்பார்கள். மெஷின் எதுவானாலும், வீட்டில் கறவை மாடு கட்டியிருப்பது மாதிரிதான் இது. கல்யாணம், காதுகுத்து, கந்தூரி என்று எங்கே போனாலும் அதைப் பார்க்க ஒரு ஆள் வீட்டில் இருக்க வேண்டும். அப்படி ஒரு ஆள் இல்லாதவர்களுக்கு டிடிஜியை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

12.02.2025

நேற்று எழுதியதற்கு ஒரு சேர்க்கை. டீ-ஷர்ட்டில் நேரடியாக அடிக்கும் மெஷினுக்கு அமெரிக்காவில் மாத்யூ ரோம் என்பவர் 1996-ல் காப்புரிமைக்கு எழுதிப்போட்டார், 2000-ல் கிடைத்தது. ஜப்பானின் பிரதர் கம்பெனி 2005-ல் கொண்டுவந்த மெஷினில் வெள்ளை மையே கிடையாது, வெள்ளை, வெளிர்நிறச் சட்டைதான் அடிக்க முடியும். அதிலேயே உலகம் முழுக்க நல்ல வியாபாரம் நடந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், தொடங்கும்போது வெள்ளை, சந்தனம், வெளிர்நீலம் என்று வெளிர்நிறச் சட்டைகளை மட்டும் விற்றுப் பாருங்கள். வெள்ளை மைச் செலவும் இல்லை, தொல்லையும் இல்லை. நம் வெயிலுக்கு வெளிர்நிறம்தான் உடம்புக்கும் நல்லது. பையன்கள் கறுப்புதான் கேட்பார்கள், தெரியும். கேட்கட்டும், அதைத் திருப்பூரில் அடித்து வாங்கிக் கொடுங்கள்.

27.02.2025

ப்ரீட்ரீட்மெண்ட் பற்றி எழுதுகிறேன் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

அடர்நிறத் துணியில் வெள்ளை மை மேலேயே நிற்க வேண்டும், நூலுக்குள் இறங்கக் கூடாது. அதற்கு அடிப்பதற்கு முன்னால் ஒரு திரவம் தெளிக்கிறோம். அதில் கால்சியம் உப்பு மாதிரி ஒரு உப்பும் கொஞ்சம் பிசினும் இருக்கும், காடி வாடை அடிக்கும். மை பட்டவுடன் அந்த உப்பு அதை உறையவைக்கிறது. பாலில் எலுமிச்சை பிழிந்தால் திரிகிற அதே சங்கதி. கம்மியாகத் தெளித்தால் வெள்ளை உள்ளே இறங்கிச் சாம்பல் நிறமாகத் தெரியும். அதிகமானால் படத்தைச் சுற்றிக் கட்டம் கட்டினதுபோல ஒரு பளபளப்பான கறை நிற்கும், படம் அட்டை மாதிரி விறைக்கும், துவைத்தால் உரியும்.

இதெல்லாம் எந்த ஊருக்கும் பொது. நம் கரைக்கு என்று ஒன்று இருக்கிறது. கால்சியம் உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். உள்நாட்டில் ஞாயிற்றுக்கிழமை மொத்தமாகத் தெளித்துக் காயவைத்து அடுக்கி, வாரம் முழுக்க எடுத்து அடிப்பார்கள். மண்டபத்திலும் பாம்பனிலும் அப்படி அடுக்கிவைத்த சட்டையைத் தொட்டுப் பாருங்கள், தெளித்த இடம் மட்டும் சில்லென்று இருக்கும், அதிலும் வாடைக்காற்று நேரத்தில். அந்த ஈரத்தின் மேல் அடித்தால் வெள்ளை கலங்கி ஓரம் பிசிறடிக்கும், சூட்டில் மை பிடித்துக்கொள்ளும் க்யூரிங்கும் முழுதாக ஆகாது. அதனால் நான் அன்றைக்கு அடிக்கிறதை அன்றைக்கே தெளிக்கிறேன். தெளித்துக் காயவைத்ததையும் அடிப்பதற்கு முன்னால் பட்டர் பேப்பர் போட்டு இன்னொரு தடவை ஹீட் பிரஸ்ஸில் வைத்து எடுக்கிறேன். பிரஸ்ஸைத் தூக்கும்போது ஆவி வந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. ஆவி நிற்கும் வரை வைக்க வேண்டும்.

காற்று ஈரமாக இருந்தால் இப்படி என்றால், ஏசியை நாள் முழுக்கப் போட்டு அறையை வறட்டிவிட்டாலும் ஹெட்டில் மை காய்ந்து அடைக்கும். ஈரப்பதம் 40-லிருந்து 60 சதவீதத்துக்குள் இருந்தால் மெஷின் சமர்த்தாக இருக்கும். ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் சல்லிசாகவே கிடைக்கிறது. மெஷின் வாங்குவதற்கு முன்பே ஒன்றை வாங்கி, கடை போட நினைக்கும் அறையில் மாட்டி, காலை, மதியம், ராத்திரி எழுதிவையுங்கள்.

28.02.2025

தண்ணீர்! அதை விட்டுவிட்டேனே. ப்ரீட்ரீட்மெண்ட் திரவத்தில் தண்ணீர் கலக்கச் சொல்லியிருந்தால் நம் போர்த் தண்ணீர், டேங்கர் தண்ணீர் எதுவும் ஆகாது. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர்தான்.

09.03.2025

துணி. இதில் ஏமாறாத ஆள் இல்லை, அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

டிடிஜி மைக்குப் பருத்திதான் வேண்டும். நூறு சதவீதம் காட்டன் என்று ஸ்டிக்கர் ஒட்டி பாலியெஸ்டர் கலந்த துணி வரும். உள்பக்கத் தையலிலிருந்து நூல் எடுக்காதீர்கள், தையல் நூல் பெரும்பாலும் பாலியெஸ்டர்தான். துணியிலிருந்தே ஒரு இழையை உருவித் தீக்குச்சியில் காட்டுங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசம் வரும், சாம்பல் விரலில் தூளாகிவிடும். பாலியெஸ்டர் சுருங்கி உருகி நுனியில் கறுப்பாக ஒரு குண்டுமணி கட்டும், நசுக்கினாலும் நசுங்காது. கலப்பு என்றால் இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் தெரியும்.

அப்புறம் நூலின் தரம். கோம்ப்டு காட்டன் (குட்டை இழை நீக்கிச் சீவியது), 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 180 கிராம்), பயோவாஷ் செய்தது என்று கேட்டு வாங்குங்கள். பயோவாஷ் என்பது நொதி போட்டுத் துணியின் மேல் நிற்கும் முடியை எடுப்பது. அது செய்யாத சட்டையை வெளிச்சத்துக்கு எதிரே கண் மட்டத்தில் பிடித்தால் மேலெல்லாம் பஞ்சு முடி நிற்பது தெரியும். அந்த முடியின் தலையில்தான் வெள்ளை மை போய் உட்காரும். இரண்டு மூன்று துவையலில் முடி சாய்ந்ததும் இடையில் கறுப்பு எட்டிப் பார்க்கும். வாடிக்கையாளர் பிரிண்ட் போய்விட்டது என்பார், போனது துணி.

திருப்பூர் என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு விட்டதற்காக 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாமல் சுத்திகரித்தால்தான் திறக்கலாம் என்ற நிலை. நம் தொழில் அந்த அளவுக்குத் தண்ணீர் குடிப்பதில்லை. ஆனாலும் ஹெட் கிளீனிங்கில் சேரும் கழிவு மை, மீந்த ப்ரீட்ரீட்மெண்ட் எல்லாம் எங்கே போகிறது? மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் ஒரு கூட்டத்துக்கே கீழக்கரைக் குழு என்றுதான் பெயர். பவளப்பாறை உங்கள் வாசலில் இருக்கிறது தம்பி. நான் கழிவு மையை அகலமான பிளாஸ்டிக் தட்டில் ஊற்றி நிழலில் வற்றவிடுகிறேன், கட்டியானதும் பொட்டலம் கட்டிக் குப்பையோடு தனியாகக் கொடுத்துவிடுகிறேன். சாக்கடையில் ஊற்றினால் நேரே கடலுக்குத்தான் போகும். இதை ஒவ்வொரு கடைக்காரரும் செய்ய வேண்டும் என்று நான் கையைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன்.

16.03.2025

வாலிபால் டீம் ஜெர்சி பற்றி தொண்டியிலிருந்து ஒருவர் புலம்பியிருக்கிறார். சிவப்பு ஜெர்சியில் வெள்ளை நம்பர், வாங்கும்போது பளிச்சென்று இருந்ததாம், மேட்ச் அன்றைக்கு எல்லாம் ரோஸ் கலர். அடித்துக் கொடுத்த கடைக்காரர் ஒத்துக்கொள்ளவில்லையாம்.

காரணம் இதுதான். ஜெர்சித் துணி பாலியெஸ்டர், அதற்குப் போடும் சாயம் சூட்டில் ஆவியாகும் சாயம். ஹீட் பிரஸ் சூட்டில் அது கிளம்பி மேலே இருக்கும் வெள்ளைக்குள் ஏறும். உடனே தெரியாது, ஒரு நாள், இரண்டு நாள் கழித்துக்கூட ஏறிக்கொண்டே இருக்கும். சிவப்பிலும் மெரூனிலும் இது ரொம்ப மோசம். இதே குணத்தை வைத்துத்தான் சப்ளிமேஷன் என்ற வேலையே நடக்கிறது. காகிதத்தில் படம் அடித்து, வெள்ளை பாலியெஸ்டர் துணி மேல் வைத்து, 200 டிகிரிக்குப் பக்கமாக ஒரு நிமிடம் அழுத்தினால் சாயம் ஆவியாகி நூலுக்குள்ளேயே போய்விடும். அது உரியவும் உரியாது, வெடிக்கவும் வெடிக்காது. டீம் ஜெர்சிக்கு அதுதான் வழி. வெள்ளைத் துணியில் முழுக்கச் சிவப்பும் நம்பரும் சேர்த்து அடித்து, பிறகு வெட்டித் தைப்பது.

கடலுக்குப் போகிறவர்களுக்கும் இதையே சொல்லுவேன். ஒரு விசைப்படகு முதலாளி தன் படகில் போகும் ஆட்களுக்குப் படகின் பெயரும் நம்பரும் போட்டு முழுக்கைச் சட்டை கேட்டார், காட்டனில் டிடிஜியாகவே வேண்டும் என்றார். நான் மாட்டேன் என்றேன். பருத்தி உப்புத் தண்ணீரைக் குடித்தால் கனக்கும், காயாது, ராத்திரி முழுக்க உடம்போடு ஒட்டிக்கொண்டு குளிரும். கடலில் பாலியெஸ்டர்தான் சௌகரியம், உதறினால் காய்ந்துவிடும். சப்ளிமேஷனில் ஏற்பாடு செய்து கொடுத்தேன். திருவிழாவுக்குக் கரையில் போட அதே படத்தைக் காட்டனில் டிடிஜியாக அடித்துக் கொடுத்தேன். இரண்டு ஆர்டரும் நம் கைக்கே வந்தது.

17.03.2025

உலகக் கோப்பை, கிளப் அணி லோகோ எல்லாம் அடிக்கலாமா என்று ஒரு பையன். அடிக்கக் கூடாது தம்பி, அது அவர்கள் பதிவு செய்த முத்திரை. உங்கள் தெரு டீமுக்கு ஒரு லோகோ வரைந்து தரச் சொல்லுங்கள், நான் இலவசமாக வரைந்து தருகிறேன்.

10.04.2025

பாம்பன் புதுப் பாலம் 6-ம் தேதி திறந்ததிலிருந்து கடையில் பேச்சு முழுக்க அதுதான். 1914-ல் திறந்த பழைய பாலத்தில் 2022 டிசம்பரிலேயே ரயில் நின்றுபோனது, ராமேஸ்வரத்துக்கு இத்தனை நாளும் மண்டபத்தோடு சரி. இப்போது ரயில் நேரே போகிறது. நடுவில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே நெட்டாக மேலே தூக்குகிறது. என் வயசுக்காரர்கள் கத்தரி மாதிரி பிளந்து திறக்கிற பழைய பாலத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள், எங்களுக்கு மனசு அதில்தான்.

வியாபாரத்துக்கு வருகிறேன். பழைய பாலம் திறந்திருக்க, கீழே படகு போகிற மாதிரி கோட்டோவியம் ஒன்றை வெள்ளைச் சட்டையில் அடித்துத் தொங்கவிட்டேன். வெளியூர்க்காரர்கள் எடுக்கிறார்கள். அதைவிட, ஊரைவிட்டுப் போய் சென்னையில், சிங்கப்பூரில் இருக்கிறவர்கள் விடுமுறைக்கு வந்து எடுக்கிறார்கள். மெல்லிய கோடுகள், இரும்புச் சட்டத்தின் ஒவ்வொரு கம்பியும் டிடிஜியில் சுத்தமாக விழுகிறது. தேதியும் பிள்ளையின் பெயரும் போட்டுக் கேட்டால் அங்கேயே உட்காரவைத்து அடித்துக் கொடுக்கலாம். முதல் நாள் கேட்ட "ஓடுமா" என்ற கேள்விக்கு என் பதிலில் பாதி இதில் இருக்கிறது. ராமேஸ்வரத்துக்கு வருகிறவர் பஸ் ஏறுவதற்குள் கையில் வாங்கிப் போக வேண்டும், திருப்பூர் பார்சலுக்கு அவரால் காத்திருக்க முடியாது. ஜாப் ஒர்க்கில் செய்ய முடியாத வியாபாரம் எது என்று பார்த்தால் இதுதான், மெஷின் அதற்கு மட்டும்தான் தேவை.

20.04.2025

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டது. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகாது. புதிதாகக் கடை போடுகிறவர்கள் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். கரையோர ஊர்களில் கையில் பணப்புழக்கம் குறையும், கடன் சொல்வார்கள். எனக்கு அதில் வருத்தமே கிடையாது, திரும்பக் கடலுக்குப் போனதும் கொடுத்துவிடுகிற ஜனம். ஆனால் மெஷின் தவணைக்கு வங்கி தடைக்காலம் பார்க்காது.

அந்த மாதங்களில் ஆட்கள் கரையில் இருப்பதால் கபடி, கால்பந்துப் போட்டி நிறைய நடக்கும், ஜெர்சி ஆர்டர் வரும். பள்ளி விடுமுறை என்பதால் சுற்றுலாவும் உண்டு. காட்டன் ஆர்டர் குறைந்தாலும் வெள்ளை மையைக் காயவிடாதீர்கள், ஆர்டர் இல்லாத நாளிலும் ஒரு சின்னப் படமாவது அடித்துவிடுங்கள்.

13.07.2025

மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று. மணலும் உப்பும் சேர்ந்து அடிக்கிறது, ஜன்னல் கம்பியைத் தடவினால் நாக்கில் வைக்கலாம் போலிருக்கிறது.

மெஷினுக்குள் ஹெட் ஓடுகிற தடத்தில் கண்ணாடி மாதிரி ஒரு நீளப் பட்டை இருக்கும், என்கோடர் ஸ்ட்ரிப் என்பார்கள். அதில் கண்ணுக்குத் தெரியாத கோடுகள் உண்டு. அதைப் படித்துத்தான் ஹெட் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துகொள்கிறது. உப்புப் பூச்சும் மைத் துகளும் அதில் படிந்தால் ஹெட் வழி தெரியாமல் ஓரத்தில் போய் டமாரென்று முட்டும், அல்லது படம் நடுவில் ஒரு இழை விலகி அடிக்கும். ஹெட் போய்விட்டது, பெரிய செலவு என்று மெக்கானிக் சொல்லும்போது நம்பிக் காசை எடுத்து நீட்டுமுன் இந்தப் பட்டையைப் பாருங்கள். கரண்டை அணைத்துவிட்டு, பஞ்சு விடாத துணியை லேசாக நனைத்து மெல்லத் துடைத்தால் போதும். தின்னர் மாதிரி காட்டமானது பட்டால் கோடே அழிந்துவிடும்.

கடை அறைக்கு இரட்டைக் கதவு வைத்தால் நல்லது. கடலைப் பார்த்த பக்கம் ஜன்னலே வேண்டாம். காற்று வாங்க நாம் வெளியே போய்க்கொள்ளலாம்.

02.08.2025

டிடிஎஃப் பற்றி உங்கள் காக்கா சொன்னதற்கு நான் பதிலே எழுதவில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். டிடிஎஃப் என்பது பிளாஸ்டிக் ஃபிலிமில் படத்தைத் திருப்பி அடித்து, பின்னால் வெள்ளை போட்டு, அதன்மேல் பசைப் பொடி தூவிச் சூடாக்கி, பிறகு துணியில் ஒட்டுவது. ப்ரீட்ரீட்மெண்ட் கிடையாது. காட்டன், பாலியெஸ்டர், கலப்பு எல்லாம் ஒன்றுதான் அதற்கு. ஃபிலிமை அடித்து வைத்துக்கொண்டு வேண்டும்போது ஒட்டலாம்.

எனக்கு அது பிடிக்காது. மார்பு முழுக்க ஒட்டினால் நம் வெயிலில் ரப்பர் ஷீட் போட்டுக்கொண்டு நடப்பது மாதிரி வியர்த்துக்கொட்டும். புகை, நிழல், தலைமுடி மாதிரி மங்கி மறைகிற ஓரங்களில் வெள்ளைப் பிசிறு தெரியும். ஆனால் பிடிக்கும், பிடிக்காது என்பதை வைத்துத் தம்பியின் காசைச் செலவழிக்கச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. மார்பில் சின்ன லோகோ, முதுகில் பெயர், கலப்புத் துணிச் சீருடை, தொப்பி, பை, இதற்கெல்லாம் டிடிஎஃப் நன்றாகவே செய்கிறது. ஃபிலிமை வெளியே அடித்து மீட்டர் கணக்கில் வாங்கலாம் என்பதால் வெள்ளை மைத் தொல்லையும் உங்கள் தலையில் இல்லை. அதனால் என் கருத்து இப்போது இது: காக்கா சொன்னது ஆரம்பத்துக்குச் சரி. ஹீட் பிரஸ் ஒன்று மட்டும் வாங்கி, ஃபிலிமை வெளியே அடித்து வாங்கி ஒட்டித் தொடங்குங்கள். முழுப்படம், போட்டோ கேட்பவர்களுக்கு டிடிஜி ஜாப் ஒர்க்.

பொடியும் ஈரம் இழுக்கும், டப்பாவை இறுக்க மூடுங்கள் என்று சொல்ல வந்தேன். ஃபிலிம் வெளியே வாங்குவதாக இருந்தால் அது அவர்கள் பாடு.

21.09.2025

கடல்பாசி எடுக்கும் பெண்கள் குழு ஒன்று சட்டை கேட்டு வந்தது. சேலைக்கு மேலே ஆம்பளை டீ-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டுதான் அவர்கள் தண்ணீரில் இறங்குவார்கள். விரலில் துணி சுற்றி, கண்ணில் கண்ணாடி மாட்டி, மூழ்கிப் பாறையிலிருந்து பாசியைப் பிய்த்தெடுக்கிறார்கள். வீட்டு ஆம்பளைகள் கழித்துப் போட்ட சட்டைதான் இத்தனை வருஷமும். இப்போது குழுவுக்கு என்று ஒரே மாதிரி வேண்டும், குழுவின் பெயர் போட வேண்டும் என்று கேட்டார்கள்.

ஒரு அக்கா தான் போட்டுவந்த பழைய சட்டையைக் கழற்றி மேஜையில் வைத்தார். மார்பிலும் வயிற்றிலும் பாறை உரசி நூல் நூலாகத் தேய்ந்திருந்தது, தோள்பட்டையும் முதுகின் மேல்பாகமும் மட்டும் நன்றாக இருந்தது. படம் எங்கே போட வேண்டும் என்று எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லித் தந்திருக்காது, அந்தச் சட்டை சொன்னது. பெயரை முதுகில், தோளுக்குக் கீழே போட்டோம். கெட்டியான பாலியெஸ்டர் முழுக்கைச் சட்டை, வெளிர்மஞ்சள், சப்ளிமேஷன். தண்ணீரில் தூரத்திலிருந்து தெரிய வேண்டும் என்று நிறத்தை அவர்களே சொன்னார்கள். கூலியை நான் குறைத்தேன், துணி விலையைக் குறைக்க முடியவில்லை. மாவட்டத்தில் சட்டை அடிக்கிற யாரிடம் அவர்கள் வந்தாலும் தயவுசெய்து நல்ல துணியாகக் கொடுங்கள்.

22.09.2025

துவைப்பது பற்றி: டிடிஜி சட்டையை உள்பக்கம் வெளியே திருப்பிப் பச்சைத் தண்ணீரில் துவைக்கச் சொல்லி விற்கும்போதே சொல்லுங்கள். துவைக்கிற கல்லில் அடித்தால் எந்த பிரிண்டும் நிற்காது, படத்தின் மேல் பிரஷ் போடக் கூடாது. நான் புது மையோ புதுத் துணியோ வாங்கினால் முதல் சட்டையை வீட்டில் அம்மாவிடம் கொடுத்துவிடுவேன். அவர் கல்லில் அடித்து, சோப்புக் கட்டி போட்டுத் தேய்த்து, உச்சிவெயிலில் காயவைப்பார். அதற்குத் தாங்கினால் கடையில் வைப்பேன்.

30.10.2025

மழை தொடங்கிவிட்டது, கரண்ட் போய்ப் போய் வருகிறது. அடித்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் அந்தச் சட்டை போச்சு, அதைவிட மோசம், ஹெட் கேப்பிங்கில் போய் உட்காராமல் நடுவழியில் திறந்தபடி நிற்கும். மெஷினுக்கு யுபிஎஸ் கட்டாயம், ஹெட்டை கேப்பிங்குக்குக் கொண்டுபோய் மூடும் அளவுக்கு ஓடினால் போதும். ஹீட் பிரஸ்ஸை அந்த யுபிஎஸ்ஸில் மாட்டாதீர்கள், இழுக்கிற கரண்ட்டுக்குத் தாங்காது.

வாட்ஸ்அப்பில் படம் அனுப்புகிறவர்கள் டாகுமெண்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். சும்மா அனுப்பினால் அது சுருக்கிவிடும். போன வாரம் வந்த கல்யாண நாள் படத்தில் மாப்பிள்ளைக்கு மூக்கே இல்லை, அவர் வீட்டுக்காரம்மாவே சிரித்துவிட்டு வேறு படம் அனுப்பினார். அடிக்கிற அளவில் 300 டிபிஐ, அதாவது இஞ்சுக்கு 300 புள்ளி, இருக்க வேண்டும்.

16.11.2025

கீழக்கரைத் தம்பி எழுதியிருக்கிறார். ஆகஸ்ட்டிலிருந்து ஹீட் பிரஸ் இல்லாமலே ஆர்டர் எடுத்து வெளியே அடித்து வாங்கிக் கொடுக்கிறாராம். பள்ளிக்கூட முன்னாள் மாணவர் கூடல், கல்யாணத்துக்கு மச்சான்மார் சட்டை, வளைகுடாவிலிருந்து லீவில் வருகிறவர்கள் பிள்ளைகளின் பெயர் போட்டு எடுத்துப் போவது என்று மூன்று வகை ஆர்டர் தொடர்ந்து வருகிறதாம். மூன்றிலும் யாருக்கும் அன்றைக்கே வேண்டியதில்லை, ஒரு வாரம் பொறுக்கிறார்கள். அதனால் டிடிஜி மெஷின் அவருக்கு இப்போதும் வேண்டாம் என்றே சொல்கிறேன். ஏர்வாடி தர்கா பக்கம் கடை எடுக்கும் யோசனை இருப்பதாக எழுதியிருக்கிறார், சந்தனக்கூடு திருவிழா சமயத்தில் அங்கே ஒரு மேஜை போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் பேசலாம். நின்று வாங்கிப் போகிற கூட்டம் இருந்தால் மெஷின் பேச்சை எடுப்போம்.

ஹீட் பிரஸ் மட்டும் இந்த மாதமே வாங்கலாம் தம்பி. 16-க்கு 20 இஞ்ச் தட்டு. கடையிலேயே சூடாக்கிக் காட்டச் சொல்லுங்கள், டிஸ்ப்ளேயில் 160 வந்ததும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை நடுவிலும் நாலு மூலையிலும் காட்டுங்கள். மூலைக்கும் நடுவுக்கும் ரொம்ப வித்தியாசம் இருந்தால் அந்த மெஷின் வேண்டாம். ஒரு காகிதத்தைப் பாதி வெளியே நீட்டி வைத்து மூடி, நாலு பக்கமும் இழுத்துப் பாருங்கள், எல்லாப் பக்கமும் ஒரே இறுக்கம் இருக்க வேண்டும். போகிற அன்றைக்குச் சொல்லுங்கள், நானும் வருகிறேன்.